கீழைநாட்டு ஞானி நான்தான்

தினேஷ்,

உன் கல்யாணக் கார்டு மூன்று நாளாக என் மேசையில் கிடக்கிறது. திங்கட்கிழமை காலையில் நீ அனுப்பினாய். வழக்கமாக ஒரு கார்டுக்கு எனக்கு அரை மணி நேரம் போதும். பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, அச்சுக்கு அனுப்பிவிடுவேன். பிரிக்பீல்ட்ஸில் இந்த அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக அதுதான் என் வேலை. மாப்பிள்ளை பெயர் வர வேண்டிய இடத்தில் மாமனார் பெயர் வந்த கார்டைக்கூடக் கடைசி நிமிஷத்தில் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். உன் கார்டில் அப்படி ஒரு பிழையும் இல்லை. உன் பெயரும் தர்ஷினி பெயரும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க அழகாக இருக்கின்றன. கிள்ளான் மண்டபத்துக்கு வரும் வழியைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறாய். ஆனாலும் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. மிஷின் ஓட்டும் மணியம் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டான். "என்னக்கா, ஊரு கார்டெல்லாம் அடிச்சாச்சு, சொந்த மகன் கார்ட காணோமே லா. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள குடுத்தாத்தான் ஓட்ட முடியும்" என்றான். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். உண்மையில் அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

கார்டின் உள்பக்கத்தில், 'எங்கள் இல்லறத்தின் வழிகாட்டி' என்று தலைப்புப் போட்டு, தங்க எழுத்தில் ஒரு வரி கொடுத்திருக்கிறாய். 'வலியை வாய்விட்டுச் சொல்லாதவனே வாழ்க்கையை வெல்கிறான்.' அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'கீழைநாட்டு ஞானி.' கல்யாணக் கார்டில் யாராவது வலியைப் பற்றிப் போடுவார்களா என்று உன் அத்தை நிச்சயம் கேட்பாள். நீ ஏன் போட்டாய் என்று எனக்குத் தெரியும். பதினோரு வயதிலிருந்து அந்தக் காலண்டர் தாளைக் கூடவே வைத்திருக்கிறாய். முதலில் பென்சில் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தாய். அப்புறம் பள்ளிக்கூட அலமாரி. இப்போது டேப் சுற்றி, பர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால். உன்னை ஆளாக்கியது அந்த வரி என்று நம்புகிறாய்.

அந்த ஞானி நான்தான், தினேஷ்.

இதை நேரில் சொல்லப் பதினேழு வருஷம் இருந்தது. சொல்லவில்லை. போனில் சொல்லலாம் என்று நேற்று எடுத்தேன், உன் 'ஹலோமா' கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில், நான் கார்டு பார்க்கும் அதே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை தர்ஷினியும் படிக்கட்டும், அப்பாவும் படிக்கட்டும். மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது.

இந்த அச்சகம் வருஷா வருஷம் தினசரி காலண்டர் போடுவது உனக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் கட்டுக்கட்டாகக் கடைகளுக்குப் போகும். ஒவ்வொரு தாளிலும் தேதி, நல்ல நேரம், ராகு காலம், அடியில் ஒரு பொன்மொழி. நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ நல்லாப் படிக்கிற பொண்ணு, இனி பொன்மொழி வேலை உன்னோடது" என்றார். படித்தது ஃபார்ம் த்ரீ, ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னறையில் ஒரு அலமாரி நிறையப் பழைய புத்தகங்கள் இருந்தன. நாவல், வாழ்க்கை வரலாறு, ஆன்மிகம், பாதிக்கு அட்டையே கிடையாது. அவற்றிலிருந்து முந்நூற்று அறுபத்தைந்து வரி எடுத்துத் தர வேண்டும். ஜூன் மாதத்துக்குள் கொடுத்தால்தான் அடுத்த வருஷக் காலண்டர் நேரத்துக்கு வரும்.

நான் எப்படி எடுத்தேன் தெரியுமா? ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படிக்கவில்லை. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பேன். தனியாக நிற்கக்கூடிய வரி, இரண்டு வரிக்கு மேல் போகாத வரி, கேட்டால் தலையாட்டத் தோன்றும் வரி கண்ணில் பட்டால் பென்சிலால் கோடு போடுவேன். அதை யார் சொன்னார், யாரிடம் சொன்னார், அதற்கு முந்தின பக்கத்தில் என்ன நடந்தது, எதுவும் தெரியாது. பாசாரில் கீரை பொறுக்குவதுபோல் பொறுக்கினேன். மூன்று நான்கு வருஷத்தில் அலமாரி காலி. ஆனால் ஜூன் மாதம் வருஷம் தவறாமல் வந்தது. ஒரு வருஷம் இருபது வரி குறைந்தது. முதலாளியிடம் சொல்லப் பயம். நானே எழுதினேன். கீழே பெயர் இல்லாமல் போட்டால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "பேரு இல்லாத வாக்க எவன்மா நம்புவான்?" என்பார். உண்மையான மனிதர் பெயரைப் போடவும் பயம். யோசித்து யோசித்து 'கீழைநாட்டு ஞானி' என்று வைத்தேன். எந்த நாடு என்று முதலாளியும் கேட்கவில்லை, காலண்டர் வாங்கியவர்களும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் நாற்பது வரி எழுதினேன். அதற்கடுத்த வருஷம் எண்ணுவதை விட்டுவிட்டேன். அச்சகச் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்ற அன்று, 'காத்திருப்பவன் கையில்தான் கதவு திறக்கும்' என்று எழுதினேன். ஞானிக்கு ஞானம் வந்த வழி அதுதான்.

உன்னுடைய வரி எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வாரம் அப்பாவுக்குப் பல்வலி. மூன்று நாள் லோரி ஓட்டப் போகவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். "ஐயோ, உயிரு போகுதே" என்று ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்துவார். கிளினிக்குக்கு வாருங்கள் என்றால் வர மாட்டார், ஊசி பயம். நான் வேலைக்கும் வந்து, உன்னையும் பார்த்து, இவர் புலம்பலையும் கேட்டு எரிச்சலின் உச்சியில் இருந்தேன். அன்று மதியம் இதே மேசையில் உட்கார்ந்து, உன் அப்பாவை மனதில் திட்டிக்கொண்டே அந்த வரியை எழுதினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வா, வா என்று மோனை நன்றாக விழுந்திருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வேறு. பதினேழு வருஷமாக நீ கூடவே தூக்கிக்கொண்டு அலைவது, ஒரு பொண்டாட்டி தன் புருஷனின் பல்வலிக்குக் கொடுத்த குத்து.

அது காலண்டரில் வந்தது அடுத்த வருஷம். காலையில் தாள் கிழிப்பது உன் வேலை. அதற்கு முந்தின நாள் உன் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடும்போது விழுந்து, முட்டி கிழிந்து, எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாய். பையன்கள் சிரித்துவிட்டார்கள். அன்று காலை நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தாளைக் கிழித்தாய். கிழித்த தாளைப் படித்தாய். அப்படியே நின்றாய்.

"மா, இது யாரு சொன்னது?"

"பெரிய ஞானி ஒருத்தர், ஐயா."

"அவருக்கு வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும். ஆனா வெளிய சொல்லிருக்க மாட்டார்."

நான் தோசை திருப்பிக்கொண்டே சொன்னேன். திரும்பிப் பார்த்தேன், உன் முகம் நிமிர்ந்திருந்தது. முட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அது அம்மா சும்மா எழுதினதுடா, விழுந்தா வலிக்கும், வலிச்சா அழுவாங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் எழுதிய வரி ஒன்று என் பிள்ளையை நிமிர வைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஒரு வாரம் அந்தப் பெருமையிலேயே திரிந்தேன்.

அப்புறம் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உன் ஆசிரியர்களிடம் என்னை எப்படி அறிமுகம் செய்து வைப்பாய், ஞாபகம் இருக்கிறதா? "எங்கம்மாதான், டீச்சர், காலண்டர்ல பொன்மொழி போடறவங்க. நிறைய புக் படிச்சிருக்காங்க." மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் ஆபீசிலும் பேங்கிலும் இருந்தார்கள். நான் அச்சகத்தில் பிழை பார்க்கிறவள். அந்த நிமிஷம் மட்டும் நான் அவர்களுக்குச் சமமாக நிற்பேன். அதை விட மனசு வரவில்லை. முதலாளிக்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைகூட இல்லை. உன் கண்ணில் நான் சின்னவளாகிவிடுவேன் என்றுதான் பயந்தேன்.

பதினான்கு வயதில், நீ ஃபார்ம் டூ படித்தபோது நடந்தது உனக்கு மறந்திருக்காது. இரண்டு நாளாக வயிற்றுவலி. சாப்பாடு வேண்டாம் என்றாய், பள்ளியில் சாப்பிட்டுவிட்டேன் என்றாய், பள்ளிக்கூடம் போனாய், வந்தாய். மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் சுருண்டு விழுந்துவிட்டாய். அப்பா லோரியை அப்படியே ஓரம் கட்டிவிட்டு ஓடிவந்தார். குடல்வால் உள்ளே வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். உன் உதடு வெள்ளையாக இருந்தது. நான் குனிந்து கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்பது. அப்பாவும் அதையே கேட்டார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அப்போது ஒரு மலாய் டாக்டர் வந்தார், சின்னப் பெண். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, உன் நெற்றியில் கை வைத்து, "சக்கிட் மானா, அடிக்?" என்று கேட்டார். எங்கே வலிக்கிறது தம்பி, அவ்வளவுதான் கேட்டார். நீ கையை எடுத்து வயிற்றைக் காட்டினாய். காட்டிவிட்டு அழ ஆரம்பித்தாய். இரண்டு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன், அதைக் கேட்க ஒரு வெளி ஆள் வர வேண்டியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் நீ என்னிடம் மெதுவாகச் சொன்னாய். "தாங்கிரலாம்னு நெனச்சேன்மா. அந்த ஞானி மாதிரி." நான் உன் போர்வையைச் சரி செய்தேன். நல்லாத்தான் இருந்தது, சரி செய்ய ஒன்றுமே இல்லை. இழுத்து இழுத்து விட்டேன். அன்றும் சொல்லவில்லை, தினேஷ். பிள்ளை சாகப் பிழைக்கக் கிடந்து எழுந்திருக்கிறான், இப்போது போய் உன்னைப் படுக்க வைத்தது என் பொய்தான் என்று எப்படிச் சொல்வது, கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன். தேறினாய். சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்றுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வரி காலண்டரில் வந்த வருஷமே ஒரு பெண் இந்த அச்சகத்துக்கு வந்தாள். கிள்ளான் பக்கம் ஏதோ ஒரு சின்னக் கிராமத்திலிருந்து ரயில் ஏறி வந்திருந்தாள். கையில் அந்தத் தாள், நைந்து நாலாக மடித்தது. "அக்கா, இந்தத் தேதி தாள் இன்னொன்னு கிடைக்குமா? இது கிழியப் போகுது. இத வச்சித்தான் நான் பல்லக் கடிச்சிட்டு இருக்கேன்" என்றாள். நல்ல வெயில் நேரம். அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். தாளை நீட்டியபோது சட்டைக் கை மேலேறி, மணிக்கட்டுக்கு மேல் நீலம் பாரித்திருந்தது தெரிந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். நான் உள்ளே போய் மிச்சக் கட்டிலிருந்து ஐந்து தாள் கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். "வேணும்னா இன்னும் தரேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயந்திரம் ரயிலில் கிள்ளான் வீடு போய்ச் சேரும்வரை, என் எழுத்தைத் தேடிக்கொண்டு ஆள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்துப் பூரித்தேன். அந்த நீலத்தைப் பற்றி எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

உன் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பின்னறைப் புத்தகங்களில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஏதாவது வேண்டுமே என்றுதான். அட்டை இல்லாத ஒரு நாவல். நான் பென்சிலால் கோடு போட்ட வரி ஒன்று அதில் இருந்தது, நம்பிக்கையைப் பற்றி, கேட்டால் உருகிவிடுவாய். காலண்டரில் நாலு முறை போட்டிருக்கிறேன். இந்த முறை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அந்த வரியைச் சொல்கிறவன் ஒரு அயோக்கியன். பொண்டாட்டியை ரயில் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு ஓடப் போகிறான். அவளைச் சமாதானப்படுத்த அந்த அழகான வரியைச் சொல்கிறான். அவள் அதை நம்பி, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அவன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தப் புத்தகம் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் என்னை உட்கார வைத்தது. புத்தகம் படிப்பது என்றால் அதுதான் போலிருக்கிறது என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. பத்து வருஷம் புத்தகங்களோடு இருந்துவிட்டு அப்போதுதான் தோன்றியது.

அதற்கப்புறமாவது நிறுத்தினேனா? வலியைப் பற்றி எழுதுவதை மட்டும் நிறுத்தினேன். ஞானி இன்னும் சில வருஷம் உழைப்பு, நேரம், நட்பு என்று பேசிக்கொண்டுதான் இருந்தார். பழைய முதலாளி போய், அவர் மகன் வந்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க ஆரம்பித்த பிறகுதான் என் கை ஓய்ந்தது. ஆனால் வரிகள் ஓயவில்லை. போன தைப்பூசத்தன்று ஈப்போ சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சூரியன் உதிக்கிறது, தாடி வைத்த கிழவர் ஒருவர் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், கீழே நான் அப்பாவைத் திட்டி எழுதிய வரி. "எவ்ளோ பெரிய வார்த்தை பாரு" என்று சித்தி எழுதியிருந்தாள். எனக்குத் தாடி வைத்துவிட்டார்கள் என்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இது இனி என் கையில் இல்லை. எத்தனை பர்ஸில் இருக்கிறதோ, எத்தனை பேர் வாயை மூடி வைத்திருக்கிறதோ.

நேற்று தர்ஷினி இங்கே வந்தாள். பங்சாரில் அவள் ஆபீசிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேராக இங்கே வந்துவிட்டாள். என் மேசைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், சாப்பிட ஒன்றும் வேண்டாம் என்றாள். கார்டைப் பார்த்தாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "எங்கள் வழிகாட்டின்னு போட்ருக்கார். எங்கிட்ட கேக்கவே இல்ல ஆன்டி" என்றாள். அப்புறம் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஃபெடரல் ஹைவேயில் மழையில் நீ மோட்டார் சைக்கிளோடு விழுந்ததை, விலா எலும்பு விரிசல் விட்டதை, ஒரு வாரம் அப்படியே போர்ட் கிள்ளானுக்கு வேலைக்குப் போனதை. எங்களிடம் வேலை அதிகம் என்று சொல்லி இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வராமல் இருந்தது அதனால்தானா? அவளுக்கும் நீயாகச் சொல்லவில்லை. உன் பையில் எக்ஸ்ரே பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறாள். கேட்டதற்கு, சின்ன விஷயம் லா என்று சிரித்துவிட்டு, பர்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறாய்.

"எனக்குக் கோவம் கூட வரல ஆன்டி, பயமா இருக்கு. அவர் நல்லவர். எனக்கு ஒன்னுன்னா சுங்கை பூலோல எங்க வீடு வரைக்கும் ஓடி வருவார். ஆனா அவருக்கு ஒன்னுன்னா நான் பேப்பர் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணுமா? ஒரு சுவத்தக் கட்டிக்கிற மாதிரி இருக்கு. இந்தக் கல்யாணம் வேணுமான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன்." இதை அழாமல் சொன்னாள். நான்தான் அழுதேன். அவள் போகும்போது, அவள் வந்ததை உன்னிடம் சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். "தாராளமா சொல்லுங்க ஆன்டி. மறைக்கிறதுக்கு எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும்" என்றாள். நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய். அவளை இழந்துவிடாதே. நான் எழுதிய ஒரு வரிக்காக இழந்துவிடாதே.

சாயந்திரம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், "என் பல்லுக்கா? என் பல்லுக்கா எழுதின?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போனார். வெகு நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "நான் அவ்ளோ கத்துவேன், வீட்டுல ஒருத்தன் கத்தவே மாட்டான். அவனுக்கு உன் பொறுமைன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். "அவன்கிட்ட சொல்லிடு. இனியும் வச்சிருந்தா அது பாவம்." என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வரியால் உனக்கு நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நீ பரீட்சைகளில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து படித்தது, முதல் வேலையில் அந்த சூப்பர்வைசரின் வாய்க்குப் பயந்து ஓடாமல் நின்றது, இதற்கெல்லாம் அது துணையாக இருந்திருக்கலாம். அப்படியானால் அந்தப் பலம் உன்னுடையது. காலண்டர் தாளுக்கு அதில் பங்கு இல்லை. இனி யார் சொன்ன வரி உன்னைத் தொட்டாலும், அதை எழுதியவனுக்கு அன்று யார் மேல் கோபம், எங்கே பல்வலி என்று ஒரு கேள்வி கேட்டுப் பார். அது வந்த புத்தகத்தைத் தேடி முதல் பக்கத்திலிருந்து படி. புத்தகமே இல்லையென்றால் என்னை நினைத்துக்கொள். உனக்குப் பிள்ளை பிறந்து, அது ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து இது யார் சொன்னது என்று கேட்டால், தெரியாது என்று சொல்லப் பழகு. எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வராமல் போனதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

இந்தக் கடிதத்தில் கிழித்து வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு வரியும் வந்துவிடக் கூடாது என்று கவனமாக எழுதிக்கொண்டு வருகிறேன். பழக்க தோஷம், இரண்டு இடத்தில் மோனை தானாக வந்து விழுந்தது. அடித்துவிட்டேன். கார்டில் அந்த வரி இருந்த இடத்துக்கு வேறு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீ கேட்டாலும் தர மாட்டேன். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். இல்லை, அந்த வரிதான் வேண்டும் என்று நீயும் தர்ஷினியும் சேர்ந்து முடிவு செய்தால், கீழே ஞானியை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு. ஊர் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எனக்குப் போன் செய். என்மேல் கோபமென்றால் அதையும் கத்திச் சொல், அப்பா மாதிரி பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குச் சொல். நான் வைக்க மாட்டேன். ஆனால் போனை எடுத்ததும் கார்டைப் பற்றி ஆரம்பிக்காதே. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் யாரோ பெற்ற பெண் உன் நெற்றியில் கை வைத்துக் கேட்டதை, நான் இப்போது கேட்கிறேன். முதலில் அதற்குப் பதில் சொல்.

எங்க வலிக்குது, ஐயா?

அம்மா